இருபத்தேழாம் கேள்வி

கேள்வி கேட்க வருகிறவர்கள் எப்போதும் மத்தியானத்தில்தான் வருவார்கள். மைசூர் ரிங் ரோட்டுக்கு உள்பக்கம், மாரிகுடி என்கிற அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தமிழ்க் காலனியில் மத்தியானம் யார் இருப்பார்கள்? ஆண்கள் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். பெண்கள் அதே கட்டடத்தில் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருப்பார்கள். வந்தவர்கள் பூட்டின கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, அதில் ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போவார்கள். கொசுக் கணக்கெடுப்புக்கு ஒரு நம்பர், கக்கூஸ் கணக்கெடுப்புக்கு ஒரு நம்பர், பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தபோது இன்னொரு நம்பர். மகேஸ்வரி வீட்டுக் கதவில் மட்டும் நாலு நம்பர் இருந்தது. அத்தனை நம்பர் போட்டும் ஒரு மாத்திரைகூட அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததில்லை.

அதனால்தான் சுசித்ரா வந்து, "இந்தத் தடவை நாங்கள் கேட்கப்போவதில்லை, உங்களில் ஒருவரே கேட்கட்டும்" என்று கன்னடத்தில் சொன்னபோது மகேஸ்வரி கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். சுசித்ரா சுகாதார வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பைச் சேர்ந்தவள். முப்பது வயதிருக்கும். தமிழ் தெரியாது, ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நல்ல குணம் இருந்தது. பிழைக்க வந்த, பாஷை வேறான ஜனங்களுக்கு என்ன சீக்கு, என்ன வைத்தியம் வேண்டும் என்பதை அந்த ஜனங்களோடு சேர்ந்தே கண்டுபிடிப்பது அவர்கள் திட்டம். அதற்குக் காலனியில் ஒருத்தி வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவளாக, எல்லா வீட்டுக்குள்ளும் கூசாமல் போய் உட்காரக் கூடியவளாக. எல்லாரும் மகேஸ்வரியைக் கைகாட்டினார்கள்.

அவள் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று பத்தாவது வரை வந்தவள். பத்தொன்பது வயதில் இராமச்சந்திரனைக் கட்டிக்கொண்டு மைசூர் வந்து, வந்த வாரமே அவனோடு கட்டட வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் அனுப்ரியா பிறந்தாள். பிறந்த முப்பதாம் நாள் மகேஸ்வரி மறுபடி சட்டி தூக்கினாள். அந்த வாரத்திலேயே அடி இறங்கிவிட்டது. கர்ப்பப்பை தன் இடத்திலிருந்து நழுவிக் கீழே வருவதைக் காலனிப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். துணியை மடித்து இறுக்கக் கட்டிக்கொண்டு அவள் இன்னும் பதினாறு வருடம் அதே சட்டியைத் தூக்கினாள். இருமினால் பயம், தும்மினால் பயம், பஸ்ஸில் படியேறினால் பயம். இனி முடியாது என்று ஆனபிறகு ஆறு வருடமாக அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஆக்குகிறாள். அங்கேயும் அண்டா கனமாகத்தான் இருந்தது. புருஷனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் தெரியாத மாதிரியே இருந்தான். அதுதான் பெண்டாட்டிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அமைப்புக்காரர்கள் கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, "என்ன, அவங்களுக்குப் பங்காளி ஆயிட்டியா? எத்தனை பங்கு தர்றாங்களாம்?" என்று இராமச்சந்திரன் சீண்டினான்.

"புதங்கிழமைக்கு ஒரு லேடி டாக்டரத் தர்றாங்களாம். அது போதும்" என்றாள் அவள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த அமைப்பிடம் ஒரு பெண் டாக்டர் இருந்தார், வாரத்தில் ஒரே ஒரு நாளைக்கு. கணக்கெடுப்பு இரண்டு இடத்தில் நடந்தது. ஒன்று இந்தக் காலனி. இன்னொன்று, ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊருக்கு அந்தப்புறம் ஷெட் போட்டுக் குடியிருப்பவர்களுடைய இடம். அங்கே லிங்கம்மா என்பவள் கேள்வி கேட்டாள். எங்கே தேவை அதிகமோ அங்கே டாக்டர் வருவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதி நாள் வரிசையில் போகும். உள்ளே போனால் யார் முன்னால் படுக்க வேண்டியிருக்குமோ என்ற கூச்சம் வேறு. காலனிக்குள்ளேயே ஒரு பெண் டாக்டர் வந்து உட்கார்ந்தால் இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவளும் போய்க் காட்டலாம். வேறெதற்கும் அவள் அந்த அட்டையை வாங்கவில்லை.

பயிற்சி நாளன்று, "இந்தக் கேள்விப் பாரத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது?" என்று சுசித்ரா கேட்டாள். சுகர் இருந்தது, பி.பி. இருந்தது, இருமல் இருந்தது, ஆண்கள் குடிப்பது இருந்தது. மகேஸ்வரி கூட்டம் கலைந்தபிறகு சுசித்ராவைத் தனியே கூப்பிட்டு, பெண்களுடைய சங்கதி ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்படிச் சேர்ந்ததுதான் இருபத்தேழாம் கேள்வி. அடி இறக்கம் உண்டா, எத்தனை வருடமாக?

கேள்வியைச் சேர்த்தவளே அதைக் கெடுத்ததுதான் கதை.

பள்ளிக்கூடத்துச் சமையல் முடிந்து, காலனி ஜனங்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரமாகப் பார்த்து, ஒரு சாயங்காலத்துக்குப் பத்துப் பதினைந்து வீடு போனாள். முதல் முப்பது வீடும் அடுக்கி வைத்த செங்கல்லாக ஒரே பதில் சொல்லின: "எல்லாம் நல்லா இருக்கோம்." முப்பத்தோராம் வீடு சொர்ணலதாவுடையது. அவளும் இவளும் ஒரே கட்டடத்தில் ஏழு வருடம் சட்டி தூக்கியவர்கள். அவளுக்கு அடி இறங்கியது இவளுக்குத் தெரியும், இவளுக்கு இறங்கியது அவளுக்குத் தெரியும். இருபத்தேழாம் கேள்வியை வாசித்ததும் சொர்ணலதா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன், அத மட்டும் எழுதாதீங்க. பெரியவளுக்கு வரன் பார்க்கறோம்."

"பேரு எழுதறதில்ல, சொர்ணா. வீட்டு நம்பர் மட்டுந்தான்."

"நம்பர் இருந்தாப் போதாதா? இந்தக் காலனியில முப்பத்தொண்ணுன்னா யாருன்னு நாய்க்குக்கூடத் தெரியும்."

சொர்ணலதா சொன்னது நியாயம். தாய்க்கு அடி இறங்கியிருந்தால் மகள் பிள்ளை தாங்கமாட்டாள் என்று பையன் வீட்டார் பின்வாங்குவார்கள். டாக்டர் யாரும் அப்படிச் சொன்னதில்லை; ஆனால் வரன் பார்ப்பது டாக்டர்கள் இல்லையே. அதனால் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்பது காலனியில் எழுதாத சட்டம். தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அக்கம்பக்கத்துக்கு அழகு. மகேஸ்வரி வீட்டிலும் அதே நிலைமைதான். அனுப்ரியாவுக்குப் பிரசாந்தைப் பேசி முடித்திருந்தார்கள். நூற்று முப்பத்தொன்பதாம் வீட்டுப் பாக்கியலட்சுமியின் ஒரே பையன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் நிச்சயம்.

முப்பத்தொன்றில் 'இல்லை' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை வாசிக்கிறபோதே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியும் மூன்று பேர் மட்டும் உண்டு என்றார்கள். எழுபதாம் வீட்டுக்குப் பிறகு வாசிப்பதையே விட்டுவிட்டு அவளாகவே 'இல்லை' போட்டாள். தன் வீட்டுப் பாரத்திலும் போட்டாள். இதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நாலு நம்பர் போட்ட கதவைப் பார்த்துப் பார்த்து, பாரம் என்பது வந்தவர்களுக்குச் செய்கிற ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்று பழகியிருந்தது. டாக்டர் எப்படியும் வருவார், வந்தபிறகு காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நம்பினாள்.

முடிவைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாரிகுடி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். லிங்கம்மாவும் வந்திருந்தாள். சுவரில் ஒட்டிய பெரிய தாளில் சுசித்ரா இரண்டு இடத்தின் எண்ணிக்கையையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். இருபத்தேழாம் கேள்விக்கு அங்கே அறுபத்தொன்று. இங்கே, நூற்று நாற்பத்து மூன்று வீட்டில், மூன்று.

"இந்த விஷயத்தில் உங்கள் காலனி நன்றாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான்" என்றாள் சுசித்ரா. "அதனால் புதன்கிழமை டாக்டர் அவர்கள் பக்கம் போவார். இங்கே சுகருக்கும் பி.பி.க்கும் மாதம் ஒரு முகாம் போடுவோம்."

சொர்ணலதா தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார்கள். மகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அவள் அந்த மூன்று என்கிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமெல்லாம் அவள் கை எழுதியது. இப்போது எழுந்துபோய் சுசித்ராவின் காதில் சொல்லலாம். ஆனால் யார் யார் என்று சொல்லாமல் எப்படி நம்ப வைப்பது? மற்றவர்கள் பேரைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. சொல்லக்கூடியது ஒரே ஒரு வீட்டு நம்பர்தான். இரண்டு வரிசை தள்ளிப் பாக்கியலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் முன்புதான், "சம்பந்தி, பக்கத்துல வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டிருந்தாள்.

மகேஸ்வரி எழுந்தாள். எழுகிறபோதே அடிவயிறு இழுத்தது.

"அது பொய்க் கணக்குங்க" என்று தமிழில்தான் ஆரம்பித்தாள். "ஜனங்க பொய் சொல்லல. நாந்தான் கேக்காமயே இல்லைன்னு எழுதிப் போட்டேன். யாருக்கு இருக்குது, யாருக்கு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்குது. இருபத்திரண்டு வருசமா அடி இறங்கியிருக்குது. எம்பட பாரத்துலயும் இல்லைன்னுதான் போட்டிருக்கறேன்."

பிறகு சுசித்ராவுக்காக அதையே கன்னடத்தில் சொன்னாள். ஆண்கள் பக்கம் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனார். இராமச்சந்திரன் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுசித்ராவின் முகம் சிவந்துவிட்டது. "இந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னதே நீங்கள்தானே?"

"ஆமாங்க மேடம்."

"மூன்று மாத வேலை. நான் இப்போது எதை நம்புவது? சுகர், பி.பி.யாவது உண்மையா?"

"அதெல்லாம் நெசந்தானுங்க." தப்புச் செய்த பிள்ளையை நிற்க வைத்த மாதிரி அத்தனை பேர் நடுவே நின்றாள். கடைசியில் லிங்கம்மாதான் பேசினாள். திரும்ப எடுக்கட்டும், உண்மையாகவே இருந்தால் ஒரு புதன் எங்களுக்கு, ஒரு புதன் இவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். சொன்னவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கைக்கு வந்த டாக்டரில் பாதியை விட்டுக்கொடுப்பது யாருக்கும் சுலபமில்லை. சுசித்ரா தாளில் இருந்த அந்த மூன்றை அடித்துவிட்டு, ஒரு மாதம் தருகிறேன் என்றாள்.

கூட்டம் கலைந்தபோது பாக்கியலட்சுமி மகேஸ்வரி பக்கம் திரும்பாமலே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

அனுப்ரியாவுக்குத் தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. சாயங்காலம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் செய்தி அவள் போனுக்குப் போயிருந்தது. வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட எடுக்கவில்லை.

"அறுவது பேருக்குச் சொன்னே. ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

கல்யாணத்தைப் பற்றித்தான் கத்துவாள் என்று மகேஸ்வரி எதிர்பார்த்திருந்தாள். இதற்கு அவள் தயாராக இல்லை. "சொல்ற விசயமா சாமி அது?" என்று மட்டும் சொன்னாள்.

"எப்போலேருந்து?"

"நீ பொறந்ததுலேருந்து." சொல்லி முடிக்கும்முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அனுப்ரியா தோளிலிருந்த பையைக் கீழே விட்டாள். "அப்போ என்னாலயா?"

"உன்னாலல்ல. சட்டியால" என்றாள் மகேஸ்வரி. "முப்பதாம் நாள் சட்டி தூக்கினதால. உனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல சாமி." அனுப்ரியா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் தாயோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில், யாரும் சொல்லாமலே, தண்ணீர்க் குடங்களைக் குழாயடியிலிருந்து அவளே தூக்கி வந்து வைத்தாள். அதைப் பார்த்து மகேஸ்வரி அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே பாக்கியலட்சுமியின் புருஷன் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், சரியாகக் கூடிவரவில்லையாம். இரண்டு மாதம் முன்பு ஒன்பது பொருத்தம் இருந்த ஜாதகம். இராமச்சந்திரன், "சரிங்க" என்று மட்டும் சொன்னான். அவர் போனபிறகு பெண்டாட்டியைத் திட்டுவான் என்று பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிரசாந்திடமிருந்து போனும் நின்றுபோனது.

ஆடி பிறந்தது. மகேஸ்வரி மறுபடி பாரங்களைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அண்டா கழுவிவிட்டு வந்த கை, வீங்கின கால், கீழே இழுக்கிற பாரம், இவற்றோடு நூற்று நாற்பத்து மூன்று வீடு. சில வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில், "உன் பொண்ணு கல்யாணத்தக் கெடுத்தது போதாதா, எங்க வீட்டுக்கும் வந்துட்டியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். ஆனால் இந்தத் தடவை எந்த வீட்டிலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இருபத்தேழுக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்கு இருக்குது. உனக்கு?" என்று கேட்டாள். நம்பர் வேண்டாம் என்றவர்களுக்கு நம்பர் இல்லாத பாரத்தில் எழுதினாள். சுசித்ராவிடம் சண்டை போட்டு அதற்கு அனுமதி வாங்கியிருந்தாள். சொர்ணலதா கதவைச் சாத்திவிட்டு வந்து, "எழுதுங்க அக்கா, பதினோரு வருசம்" என்றாள். நூறு வீடு தாண்டுவதற்குள் நாற்பத்தேழு ஆகியிருந்தது. இனி ஒருத்தி சொல்லாவிட்டாலும் புதன்கிழமை டாக்டர் வருவது நிச்சயம்.

அதனால் நூற்று முப்பத்தொன்பதை விட்டுவிடலாம். பூட்டியிருந்தது என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? வாசலில் நின்று அவளும் அதைத்தான் யோசித்தாள். ஆனால் பொய் எழுதி அடைந்த பாடு போதும் என்று தோன்றியது. கதவைத் தட்டினாள்.

பாக்கியலட்சுமி திறந்தாள். என்னவென்று கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சம்பந்தி என்று கூப்பிட முடியாது; வேறு எப்படிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. "கணக்கெடுப்புங்க" என்றாள் மகேஸ்வரி. பாக்கியலட்சுமி ஒதுங்கி வழிவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சுகர் இல்லை. பி.பி. இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் இல்லை. புருஷன் எப்போதாவது குடிப்பார். இருபத்தாறு கேள்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே முடிந்தது.

மகேஸ்வரி பேனாவை மூடினாள். "அடி இறக்கம். எனக்கு இருக்குது. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இருக்குதுங்களா?"

"இல்ல."

"இல்லைன்னே எழுதிக்கட்டுங்களா?"

பாக்கியலட்சுமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்காரும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். அப்படி எதற்காக உட்காருவார்கள் என்று மகேஸ்வரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இருக்குன்னு எழுதுங்க."

"எத்தனை வருசமா?"

"பிரசாந்த் பொறந்ததுலேருந்து."

மகேஸ்வரிக்கு அந்தப் பாரத்தை அவள் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. தன்னிடமும் இருக்கிற அதே வலியை வைத்துக்கொண்டுதான் இவள் தன் பெண்ணை வேண்டாம் என்றாள். ஒன்பது பொருத்தத்தைக் கூசாமல் மாற்றிச் சொன்னாள். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். அதைக் கேட்கவும் தெம்பு வேண்டுமே. பேனாவைத் திறந்து, 'இருக்கிறது, இருபத்தாறு வருடம்' என்று எழுதினாள்.

"புதங்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா வர்றாங்க. மாரிகுடி மண்டபத்துல. பொம்பள டாக்டர்தான், பயப்படாதீங்க" என்று எல்லா வீட்டிலும் சொன்னதையே இங்கேயும் சொன்னாள்.

பாக்கியலட்சுமி தலையாட்டினாள். மகேஸ்வரி பாரங்களை அடுக்கிக் கட்டினாள். கதவைத் திறந்துவிடும்போது பாக்கியலட்சுமி மெல்லக் கேட்டாள். "அனு எப்படி இருக்கா?"

மகேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டாள். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

"அந்தக் கேள்வி இந்தப் பாரத்துல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நூற்று நாற்பதாம் வீட்டுக்கு நடந்தாள்.